காயில் மாற்றிய மதியம்

மின்சார அடுப்புக்குள்ளிருந்து வெல்டிங் பட்டறை மாதிரி வெளிச்சம் அடித்தபோது நாடியா மேசை விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை. நின்றவாக்கிலேயே கண்ணுக்கு மட்டும் கொஞ்சம் ஓய்வு கொடுப்பது முதியோர் இல்லத்துச் சலவை அறையில் அவள் பழகிக்கொண்டது. துணி உலர்த்தும் பெரிய இயந்திரம் சுற்றி முடிக்கும்வரை அப்படி நிற்பாள். விடிகாலை ஷிப்டு முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் பால் காய்ச்சி, முட்டையின் மஞ்சள்கருவும் வெண்ணெயும் சேர்த்து மாவு பிசைந்திருந்தாள். அது ஒரு தடவை உப்பி அடங்கி, இப்போது மூன்று உயரமான தகர டப்பாக்களில் இரண்டாம் முறையாக எழும்பிக்கொண்டிருந்தது. நாளைக்குப் பெரிய வெள்ளி, மாவில் கை வைக்கிற நாளில்லை. சனிக்கிழமை கோவிலில் மந்திரிக்கக் கொண்டுபோகிற கூடையில் பாஸ்கா என்கிற ஈஸ்டர் ரொட்டி இல்லாமல் அவள் ஒரு வருஷமும் போனதில்லை. மாவு டப்பா விளிம்பைத் தொடும்போது அடுப்பு சூடாக இருக்க வேண்டும் என்று அப்போதுதான் அதைப் போட்டிருந்தாள்; உள்ளே இன்னும் சூடு ஏறவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாகக் குனிந்து பார்த்தாள். அடுப்பின் தரையில் வளைந்து கிடக்கும் சூடேற்றும் கம்பியில், காயிலில், ஒரு வெள்ளைப் புள்ளி பொரிந்துகொண்டு, கம்பியைத் தின்றபடி மெல்ல நகர்ந்தது. நேராகப் பார்க்க முடியாத வெள்ளை. குமிழைத் திருகி அணைத்தாள். புள்ளி மனசில்லாமல் சிவப்பாகி, கறுப்பாகிச் செத்தது. தீய்ந்த இரும்பின் வாடை சமையலறை முழுக்கப் பரவியது. அவளுக்குப் பயம் வரவில்லை. 'இது வேறயா' என்ற சலிப்புதான் இடுப்பிலிருந்து தோள்வரை ஏறியது.

முன்னறையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த ஓரெஸ்ட் எழுந்து வந்தார்.

"என்ன சத்தம்? வீட்டக் கொளுத்தறதா இருந்தா ஒரு வார்த்த சொல்லிட்டுக் கொளுத்து. என் தொப்பியயாவது எடுத்துக்குவேன்."

"அடுப்பு போச்சு."

"அடுப்பு எங்க போகும்." கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டார். "காயில்தான் போச்சு. பாரு, இங்க, சொத்தப் பல்லு மாதிரி வெடிச்சிருக்கு. ரெண்டு ஸ்க்ரூ, ரெண்டு வயரு. காபி ஆறதுக்குள்ள மாத்திடலாம்."

"நான் வேணா பெத் வீட்டு அடுப்புல சுட்டுக்கட்டா? கேட்டா குடுப்பா."

"பெத் வீட்டு அடுப்பா?" ஓரெஸ்ட் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். "இந்த ஊரு ஐஸ் அரங்கத்துக்கே மெஷின் பாத்தவன் பொண்டாட்டி, பக்கத்து வீட்டுல போயி ரொட்டி சுடுவாளா? செத்துப்போன எங்கப்பன் எந்திரிச்சு வந்து கேப்பான்."

அவள் சம்மதித்ததற்குக் காரணம் ரொட்டியில்லை. அந்த நிமிர்வுதான். இந்தக் குளிர்காலம் முழுக்க அவர் நாற்காலியில் அமிழ்ந்தே இருந்தார். கடைசியாக அவர் எப்போது இப்படி இடுப்பில் கை வைத்துப் பேசினார் என்று அவளுக்கு நினைவில்லை. இப்போது ஒரு பழுது வந்ததும் தோள் விரிகிறது, குரல் திரும்புகிறது. இன்னும் நாலு சாமான் கெட்டுப்போனால்கூடத் தேவலை என்று தோன்றியது அவளுக்கு.

"கீழ போயி கரண்ட அணைச்சிட்டு வரேன்" என்று நிலவறைப் படியில் இறங்கினார். கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஏறி வந்தார். "அணைச்சாச்சு."

நாடியா டப்பாக்களைப் பார்த்தாள். மாவு காத்திருக்காது. பின்கட்டில், ஃப்ரீசர் வைத்திருக்கும் சிறிய அடைப்பில், கணப்பு கிடையாது. ஏப்ரலானாலும் அங்கே மூச்சு புகையாக வரும். குளிரில் வைத்தால் எழும்புவது கொஞ்சம் மட்டுப்படும். ஒவ்வொரு டப்பாவையும் பிள்ளையைத் தூக்குகிறாற்போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுபோய் ஃப்ரீசர் மூடிமேல் வைத்தாள். ஈரத்துணியை நனைத்துப் பிழிந்து மேலே போர்த்தினாள். உள்ளே ஓரெஸ்ட் தட்டுகளை உருவும் ஓசையும், மண்டியிடும்போது வழக்கமாக விடுகிற முனகலும் கேட்டன. ஏதோ ஒரு பழைய பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருந்தார்.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது அவர் தோள்வரை அடுப்புக்குள் இருந்தார். இரண்டு ஸ்க்ரூவும் கழன்று தரையில் கிடந்தன. காயிலை முன்னுக்கு இழுத்து, அதன் முனையில் மாட்டியிருந்த வயர் வெளியே எட்டிப்பார்க்க, அதை நெம்பிக் கழற்றத் திருப்புளியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். இடது உள்ளங்கை இரும்புச் சுவரில் அழுந்தியிருந்தது. அவர் தலைக்கு மேலே, அடுப்பின் முகப்பில், கடிகாரத்தின் பச்சை எண்கள் எரிந்துகொண்டிருந்தன. மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவிலிருந்த இரண்டு புள்ளிகளும் நிதானமாக விழித்து விழித்து மூடின.

கூப்பிட்டால் திடுக்கிட்டுக் கை பட்டுவிடும் என்று நினைத்தாளா, நினைக்க நேரமிருந்ததா, தெரியாது. கூப்பிடாமல் பாய்ந்து அவருடைய சட்டையின் பின்கழுத்தைக் கொத்தாகப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். நனைந்த படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி உருவி உரமேறிய கை. அவர் மேல் தட்டில் தலை இடித்து, மல்லாந்து, பிட்டம் தரையில் மோத விழுந்தார். திருப்புளி உருண்டு குளிர்பெட்டிக்கு அடியில் போனது.

"பைத்தியமா உனக்கு!" தலையைத் தடவிக்கொண்டு கத்தினார். "கொல்லப் பாக்கறியா!"

அவள் முகப்பை நோக்கி விரலை மட்டும் நீட்டினாள்.

அவர் எண்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு அசைந்தது. "அது பேட்டரில ஓடறது" என்றார்.

அடுப்புக் கடிகாரம் பேட்டரியில் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். அவர் சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு இடிமழைக்கும் பிறகு மின்சாரம் திரும்பியதும் இதே எண்களைத் திருத்தி வைத்துக்கொண்டே அவர் எத்தனையோ முறை அதைத் திட்டியிருக்கிறார்.

அவள் நிலவறைக்கு இறங்கினாள். அவர் போட்ட விளக்கு அங்கே அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. சுவரில் சுவிட்ச் பெட்டியின் தகரக் கதவு திறந்து கிடந்தது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் ஓரெஸ்டின் கட்டையான எழுத்தில் துண்டுத்தாள் ஒட்டியிருந்தது. மேல் வரிசையில், மற்றவற்றைவிடப் பருமனாக, இரண்டு இணைந்த சுவிட்ச்: அடுப்பு. அது போட்டபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஃப்ரீசர். அதுவும் போட்டபடிதான் இருந்தது. அந்தப் பக்கத்து சுவிட்சை அணைத்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஏங்கினாள். பக்கத்தில் இருப்பதை யாரும் தவறாக அணைத்துவிடலாம், அதில் ஒன்றுமில்லை. கண்ணை ஓடவிட்டாள். கீழ் வரிசையின் கடைசியில், மூலையில், வாசல் விளக்கு அணைந்திருந்தது.

அவள் அங்கேயே நின்றாள். ஜனவரியில், முப்பது வருஷமாகப் போய்வருகிற சாலையில் திருப்பத்தை விட்டுவிட்டு, பனிக்காட்டில் வெகுதூரம் ஓட்டிப்போன பிறகு அவர் வண்டியை நிறுத்தி "யாரோ பலகைய மாத்தி வெச்சிருக்கான்" என்றது. வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்தியது. வின்னிபெக் நகரத்திலிருந்து மகள் தாலியா போனில் "அப்பாவ ஒரு டாக்டர்கிட்ட காட்டும்மா" என்று கேட்கும்போதெல்லாம், "வயசாச்சு, உனக்கும் அறுபத்தெட்டு ஆவும், அப்பப் பாக்கலாம்" என்று தான் வாயை அடைத்தது. சலவை அறையில் புதிதாக வருகிறவர்களின் துணியில் பெயர்ப்பட்டி வைத்து இஸ்திரி போடுவது அவள் வேலை. இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போகிற மனைவிமார்கள் சட்டைகளை மடித்து அவள் கையில் கொடுத்துக்கொண்டே, கேட்காமலே, மறதி எப்போது ஆரம்பித்தது என்று சொல்வார்கள். எல்லாம் இந்த மாதிரிச் சின்ன விஷயமாகத்தான் இருக்கும். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொள்வாள். 'இவ்வளவு நாள் எப்பிடிம்மா கவனிக்காம இருந்தீங்க' என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வாள்.

அடுப்பின் சுவிட்சை அணைத்தாள். வாசல் விளக்கைப் போட்டாள். படியேறுவதற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

ஓரெஸ்ட் விழுந்த இடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முகப்பு இருண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"எந்த சுவிட்சு?"

"பக்கத்துல இருக்கறத அணைச்சிருக்க."

"பக்கத்துலயா?"

"ஆமா. அந்த வெளிச்சத்துல யாருக்குத் தெரியும்."

"பல்ப மாத்தணும் அங்க" என்றார். குரலில் ஒரு இறுக்கம் தளர்ந்தது. இதுவரை மகளிடம் பொய் சொன்னாள். இப்போது இவரிடமே.

"நீ தள்ளி உக்காரு. நான் கழட்டறேன். சொல்லிக்குடு."

"நீயா?"

"ஏன், ரெண்டு ஸ்க்ரூ ரெண்டு வயருன்னு நீதான சொன்ன."

அவர் மறுக்கவில்லை. அதுவே அவளுக்கு உறைத்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைவிளக்கை அவள் தோளுக்கு மேலாகப் பிடித்தார். அவள் தலையை உள்ளே விட்டதும், "இரு, இரு. மொதல்ல துணி கிளிப் ரெண்டு எடுத்துட்டு வா" என்றார்.

"துணி கிளிப்பா?"

"வயரக் கழட்டின உடனே அது ஓட்டைக்குள்ள ஓடிரும். அப்பறம் அடுப்ப இழுத்து, பின்பக்கத் தகரத்தப் பிரிச்சு எடுக்கணும். உன் இடுப்புக்கும் ஆகாது, என் முட்டிக்கும் ஆகாது. கிளிப்பப் போட்டுட்டுக் கழட்டு."

அவள் பின்கட்டிலிருந்து கிளிப் எடுத்துவந்து வயரின் கழுத்தில் மாட்டிவிட்டு, மூக்கு நீண்ட குறட்டால் முனையைப் பிடித்து அசைத்தாள். "இழுக்காத, ஆட்டு. பால் பல்லப் பிடுங்கற மாதிரி ஆட்டு. ஆங்." ஒன்று கழன்றது. கிளிப் ஓட்டையில் தடுத்து நிற்க, வயர் ஓடாமல் தொங்கியது. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எது வழுக்கும், எது கடிக்கும், எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னார். உள்ளே தலையை விட்டபடியே அவள் நினைத்தாள்: இவ்வளவும் சரியாக இருக்கிற மனுஷனுக்கு என்ன வந்துவிடும்? கீழே நடந்தது ஒரு சறுக்கல். கவனம் எங்கோ இருந்திருக்கும். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது. மாவு வாசனையும் தீய்ந்த வாசனையும் கலந்த அந்த இருட்டுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிடலாம் போலிருந்தது.

காயிலைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் அவர் சாவிக்காகக் கை நீட்டினார். "நான் ஓட்டறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள். நீட்டிய கையை அவர் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். சாலையோரம் பனி அழுக்குப் பிடித்துக் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. வயல்களில் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுத் திட்டாக மண் தெரிந்தது.

ஊரில் இருந்த ஒரே இரும்புச் சாமான் கடையைக் கொலீன் நடத்திவந்தாள். நாற்பது வயசுக்காரி. சின்னப் பெண்ணாக இருந்தபோது ஐஸ் அரங்கத்தில் சறுக்கி விளையாடும்போது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, ஓரெஸ்டின் மருந்துப் பெட்டிக்கு அழுதுகொண்டு ஓடிவந்தவள்.

"யாரு இது! காத்து இந்தப் பக்கம் அடிக்குது" என்றாள் கொலீன். "என்ன ஓரெஸ்ட் மாமா, இது என்ன, துப்பாக்கியவா சுத்தி எடுத்துட்டு வந்திருக்கீங்க?"

"துப்பாக்கிதான். கடையில கல்லாவ எடுத்து வெளிய வை." செய்தித்தாளைப் பிரித்துக் காட்டினார். "ஆமா, அப்பா இடுப்பு எப்பிடி? ஆபரேஷன் ஆச்சே."

"நல்லாருக்காரு மாமா. இப்ப கம்பு ஊனி நடக்கறாரு. நர்ஸத் திட்டறாரு, அப்பன்னா நல்லாத்தான இருக்காருன்னு அர்த்தம்."

ஓரெஸ்ட் சிரித்தார். கொலீன் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே போய், இரண்டு பெட்டிகளோடு வந்தாள். ஒன்று அகலம் போதவில்லை. இன்னொன்று பொருந்தியது. ஓரெஸ்ட் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, முனையின் வளைவு ஒத்துப்போகிறதா என்று விரலால் தடவினார். "இதுதான்" என்றார். ஈஸ்டருக்கு யார் யார் வருகிறார்கள், ஆற்றில் ஐஸ் எப்போது உடையும், போன வருஷம் எப்போது உடைந்தது என்று பேச்சு நகர்ந்தது. நாடியா கல்லாமேல் சாய்ந்து ஒரு காலின் பாரத்தை இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டாள். கொலீன் பெட்டியைப் பையில் போட்டாள்.

"ஆமா, அப்பா இடுப்பு எப்பிடி இருக்கு?" என்றார் ஓரெஸ்ட். "ஆபரேஷன் ஆச்சே."

நாடியா தலையை நிமிர்த்தினாள். கொலீனின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பையின் காதை முடிச்சுப் போட்டுக்கொண்டே, "நல்லாருக்காரு மாமா" என்றாள். "கம்பு ஊனி நடக்கறாரு. நர்ஸத் திட்டறாரு, அப்பன்னா நல்லாத்தான இருக்காருன்னு அர்த்தம்." அதே இடத்தில் அதே சிரிப்பு. ஓரெஸ்டும் சிரித்தார். கொலீன் நாடியாவைப் பார்க்கவில்லை. கவனமாகப் பார்க்காமல் இருந்தாள்.

இந்தப் பெண் இதற்குப் பழகியிருக்கிறாள் என்று நாடியாவுக்குப் புரிந்தது. முதல் தடவையாக இருந்தால் இவ்வளவு சுலபமாக வராது. கொலீனுக்குத் தெரியும். அப்படியானால் தபால் ஆபீஸில் தெரியும், கோவிலில் தெரியும், சீட்டாடுகிறவர்களுக்குத் தெரியும். ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டு, அவர் கேட்டதற்கெல்லாம் இரண்டு தடவை பதில் சொல்லிக்கொண்டு, அவளுக்குத் தெரியட்டும் என்று காத்திருந்திருக்கிறது.

வண்டியில் ஏறி அவள் சாவியைப் போட்டாள், திருகவில்லை. ஓரெஸ்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே எதிரே பார்த்தபடி இருந்தார்.

"அவகிட்ட ரெண்டு தடவ கேட்டேனா?" என்றார்.

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ மொகத்துல தெரியல. உன் மொகத்துல தெரிஞ்சுது."

"ஓரெஸ்ட்..."

"பக்கத்து சுவிட்சுன்னு சொன்னியே. பக்கத்துல இருக்கறது ஃப்ரீசர். நீ துணி கிளிப் எடுக்கப் பின்கட்டுக் கதவத் தொறந்தப்ப ஃப்ரீசர் ஓடற சத்தம் கேட்டுச்சு. நீ கீழ போயி திரும்பப் போட்டிருப்பன்னு நெனச்சேன். போட்டிருந்தா மேல வந்து ரொட்டிய மறந்துட்டு என்னத் திட்டியிருப்ப. மீன் எல்லாம் உருகிருக்கும்னு ஒரு பாட்டம் அழுதிருப்ப. நீ திட்டவே இல்ல." அவர் அவள் பக்கம் திரும்பினார். "எதத்தான் அணைச்சேன்?"

"வாசல் விளக்கு."

"வாசல் விளக்கு" என்று திருப்பிச் சொன்னார். சத்தமில்லாமல் ஒரு சிரிப்பு தோளை மட்டும் குலுக்கிவிட்டுப் போனது. "பட்டப்பகல்ல."

கடையிலிருந்து கொலீன் வெளியே வந்து, மண்வெட்டிகள் சாய்த்து வைத்திருந்த பலகையை நகர்த்தினாள். வண்டி கிளம்பாமல் நிற்பதைப் பார்த்து மறுபடி உள்ளே போய்விட்டாள்.

"அரங்கத்து வேலைய முட்டி வலிக்குதுன்னு சொல்லித்தான விட்டேன்" என்றார் ஓரெஸ்ட். "போன அக்டோபர்ல ஐஸ் போடறதுக்கு மெஷின கெளப்பணும்னு போனேன். வால்வுங்க முன்னாடி நின்னேன். சிவப்புக் கைப்பிடி, மஞ்சக் கைப்பிடி. எல்லாம் நான் பெயின்ட் அடிச்சது. எத மொதல்ல தொறக்கறதுன்னு தெரியல. உள்ள இருக்கறது அம்மோனியா, நாடியா. தப்பாத் தொறந்தா வெஷப் புகை, மேல சின்னப் புள்ளைங்க. அப்பிடியே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அப்பறம் சாவிய கொண்டுபோயி மேசைல வெச்சுட்டு, முட்டி வலிக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"முட்டி வலிக்கலயா அப்ப?"

"முட்டியும் வலிக்கத்தான் செய்யுது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். ஆறு மாசமாக ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, இவர் அவளிடமிருந்து ஒளித்திருக்கிறார், அவள் தன்னிடமிருந்தே ஒளித்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் அதில்தான் இவ்வளவு களைப்பு என்று தோன்றியது. அவர் கை அவள் முதுகில் வந்து அமர்ந்தது. எடை மட்டும் இருந்தது; தட்டவில்லை, தடவவில்லை.

"செவ்வாய்க்கெழம டாக்டருக்கு போன் பண்றேன்" என்றாள் முகத்தைத் தூக்காமல். "தாலியாகிட்டயும் சொல்லணும்."

"அவ பண்டிகைக்கு வந்துட்டுப் போகட்டும். நாற்காலில உக்காந்து முட்டை தின்னுட்டுப் போகட்டும். அப்பறம் சொல்லு." கொஞ்சம் பொறுத்து, "வண்டிய எடு கெழவி" என்றார். "மாவு பொங்கி ஃப்ரீசர் மேல வழிஞ்சிருக்கும்."

வழியவில்லை. குளிரில் மாவு மந்தப்பட்டு, டப்பா விளிம்புக்குக் கீழே, மேல்தோல் லேசாகக் காய்ந்து நின்றிருந்தது. ஒன்று ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. நாடியா விரல் நுனியில் அமுக்கிப் பார்த்தாள். குழி மெதுவாக, சோம்பலாக மேலே வந்தது. உயிர் இருக்கிறது. ரொட்டி அழகாக வராது, ஆனால் வரும்.

புதுக் காயிலை அவள் உள்ளே நீட்ட, வயர் முனைகளை அவள் மாட்ட, கைவிளக்கை அவர் பிடித்தார். கிளிப்பை எடுத்ததும் வயர் பின்னுக்கு நழுவி மறைந்தது, கூடவே காயிலும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. முதல் ஸ்க்ரூவை அவள் போட்டாள். இரண்டாவதை அவர் கேட்டு வாங்கிப் போட்டார். மண்டியிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, முறுக்கு ஏறும்வரை நிதானமாகத் திருகினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தட்டுகளை அவரே மாட்டினார்.

"நான் போயி கரண்ட் போட்டுட்டு வரேன்" என்றாள். "நீ எதையும் தொடாத."

"தொடல."

அவள் கீழே இறங்கி, பருமனான அந்த சுவிட்சில் விரலை வைத்தாள். மேலே சத்தமில்லை. "ஓரெஸ்ட்!" என்று கூப்பிட்டாள். "ம்" என்று பதில் வந்தது. "கை வெளிய இருக்கா?" "இருக்கு." விரல் நகரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்தப் படிக்கட்டின் மேலும் கீழுமாக இப்படி எத்தனை தடவை கேட்டுக்கொண்டிருப்பார்கள்! அவர் 'இருக்கு' என்றால் இருக்கிறது, அவள் போட்டுவிடுவாள். விரலை எடுத்துவிட்டு மேலே ஏறினாள். அவர் நாற்காலியில், அடுப்பிலிருந்து எட்டி, இரண்டு கைகளையும் தொடைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் அதட்டி உட்கார வைத்த பையன் மாதிரி இருந்தார். அடுப்புக் கதவு சாத்தியிருந்தது. அவளுக்கு முகம் சூடேறியது. "திருப்புளிய எடுத்து வெச்சியான்னு பாக்க வந்தேன்" என்றாள்.

மறுபடி இறங்கினாள். மறுபடி விரல் வைத்தாள். இந்த நிமிஷத்தில் அவர் எழுந்திருந்தால்? உள்ளே ஏதாவது சிந்தியிருக்கிறதென்று துடைக்கக் கையை விட்டிருந்தால்? ஒன்றும் ஆகாது, எல்லாம் மூடித்தான் இருக்கிறது, புதுக் காயில், கவசமுள்ள கம்பி, அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன. படியின் பாதிவரை ஏறி, அங்கேயே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மேலேயிருந்து ஓரெஸ்டின் தலை எட்டிப்பார்த்தது. அவள் நிற்பதைப் பார்த்தார்.

"சரி" என்றார் அவர். "நான் வெளிய போயி நிக்கிறேன். நிலவற ஜன்னலுக்கு நேரா. என் காலு உனக்குத் தெரியும். பாத்துட்டுப் போடு."

"வேணாம் ஓரெஸ்ட், குளிரு..."

"பாத்துட்டுப் போடு, நாடியா" என்றார். கோபமில்லை. கோட்டை மாட்டும் சலசலப்பும், பின்கதவு திறந்து சாத்தும் ஓசையும் கேட்டன.

அவள் இறங்கிப்போய் சுவிட்ச் பெட்டி முன்னால் நின்றாள். சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி, தரைமட்டத்துக்கு ஒரு குறுகலான கண்ணாடி ஜன்னல். சேறும் உருகும் பனியுமாக வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு ரப்பர் பூட்ஸ் வந்தது, பக்கத்தில் இன்னொன்று. சற்றுத் தள்ளிப்போய்த் திரும்பி வந்து, ஜன்னலின் நடுவுக்கு நேராகத் தங்களைச் சரிசெய்துகொண்டு, முனைகள் அவளைப் பார்க்கும்படி ஒட்டி நின்றன.

அவள் சுவிட்சைத் தள்ளினாள். மேலே அடுப்பு ஒரு தடவை கீச்சென்று கத்தி விழித்துக்கொண்டது. கூரைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அந்தப் பூட்ஸ்களின் மேல் தெறித்தது. வரச்சொல்லி அவள் இன்னும் குரல் கொடுக்கவில்லை. அவை அசையாமல் நின்றுகொண்டிருந்தன.